வரைவு வந்தபோதே எழுதுங்கள்: அரசு கருத்துக் கேட்கும்போது நாம் செய்ய வேண்டியது

புதிய விதி அமலுக்கு வந்து, முதல் நோட்டீசும் கைக்கு வந்த பிறகுதான் பெரும்பாலானவர்கள் ஆடிட்டரைத் தேடி வருகிறார்கள். "யாரைக் கேட்டு சார் இப்படி ஒரு ரூல் போட்டாங்க?" என்பதுதான் முதல் கேள்வி. சிறுதொழில் சங்கங்களுக்கும் உணவுப்பொருள் தயாரிப்பாளர்களுக்கும் கணக்குப் பார்ப்பது என் தொழில். அரசுத் துறைகளுக்கு அவர்கள் அனுப்பும் ஆட்சேபனைகளையும் எழுதித் தருகிறேன். அதனால் இந்தக் கேள்வியை வருடக்கணக்கில் கேட்டு வருகிறேன். பல சமயம் உண்மை என்னவென்றால், கேட்டுத்தான் போட்டிருக்கிறார்கள். அந்த விதியின் வரைவு, கருத்துக் கேட்டு ஏதோ ஒரு இணையதளத்தில் ஒரு மாதம் கிடந்து, கெடுவும் முடிந்திருக்கும். பெரிய நிறுவனங்களின் சங்கங்கள் வக்கீல் வைத்துப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். நம் பக்கத்திலிருந்து ஒரு வரிகூடப் போயிருக்காது.

கருத்துக் கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தும் இடங்கள் உண்டு, படுத்தாத இடங்களும் உண்டு. முன்கூட்டியே வெளியிட்ட பிறகே விதி செய்ய வேண்டும் என்று மூலச் சட்டம் (விதி செய்யும் அதிகாரத்தைத் தரும் சட்டம்) சொன்னால், 1897ஆம் வருட ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் (மத்தியச் சட்டங்களுக்கான பொது விளக்கச் சட்டம்) 23ஆம் பிரிவு அரசுக்குக் குறுக்கே வந்து நிற்கும். வரைவை வெளியிட வேண்டும், எந்தத் தேதியில் அல்லது எந்தத் தேதிக்குப் பிறகு அதை எடுத்துக்கொள்வோம் என்று சொல்ல வேண்டும், அதற்குள் வரும் ஆட்சேபனைகளைப் பரிசீலிக்க வேண்டும். மூலச் சட்டத்தில் அந்த வாசகம் இல்லாவிட்டால் நம் பிடி தளர்ந்துவிடும். விலை நிர்ணயம் என்பது சட்டம் இயற்றுவதைப் போன்ற வேலை, அதற்குப் பாதிக்கப்படும் ஒவ்வொருவரையும் அழைத்து விசாரிக்கத் தேவையில்லை என்று மருந்து விலை குறித்த சயனமைடு இந்தியா நிறுவன வழக்கில் 1987இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்னொன்று, அதே 23ஆம் பிரிவின்படி, விதி இறுதியாக அரசிதழில் வெளியாகிவிட்டால் அது முறைப்படி செய்யப்பட்டது என்பதற்கு அந்த வெளியீடே முடிவான சான்று. அதற்குப் பிறகு ஓடுவதில் பெரும்பாலும் பயனில்லை. சாதாரண ஒரு தொழில்முனைவோருக்குக் கதவு திறந்திருப்பது வரைவு நிலையில் மட்டும்தான்.

மத்திய அரசின் மசோதாக்களுக்கும் விதிகளுக்கும் 2014இல் ஒரு கொள்கை முடிவு எடுக்கப்பட்டது. வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுவெளியில் வைக்க வேண்டும். ஏன் இந்தச் சட்டம், எவ்வளவு செலவு, மக்களின் வாழ்வாதாரத்தை எப்படித் தொடும் என்பதையெல்லாம் கூடவே சொல்ல வேண்டும். வந்த கருத்துகளின் சுருக்கத்தையும் இணையதளத்தில் போட வேண்டும். நல்ல கொள்கைதான். ஆனால் அது சட்டம் இல்லை, மீறினால் தண்டனையும் இல்லை. நிதித்துறை அமைப்புகள் சில தங்களுக்கே விதி போட்டுக்கொண்டன. திவால் சட்டத்தை நிர்வகிக்கும் வாரியம் 2018இல் 21 நாள் அவகாசத்தை ஒழுங்குமுறையாகவே எழுதிக்கொண்டது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியும் ரிசர்வ் வங்கியும் 2025இல் அதே 21 நாளுக்கு வந்தன.

சரி, அந்த 21 அல்லது 30 நாளில் என்ன எழுதுவது? இங்கேதான் நிறையப் பேர் வாய்ப்பை வீணாக்குகிறார்கள்.

மின் கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2003ஆம் வருட மின்சாரச் சட்டத்தின் 64ஆம் பிரிவுப்படி, கட்டண மனுவின் சுருக்கத்தை வெளியிட்டு, பொதுமக்களின் ஆட்சேபனைகளையும் யோசனைகளையும் பரிசீலித்த பிறகே மின்சார ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட முடியும். அதற்கு மனு கிடைத்த நாளிலிருந்து 120 நாள் கெடு. 2022இல் தமிழ்நாட்டில் மின்வாரியத்தின் கட்டண உயர்வு மனு வந்தபோது ஆகஸ்ட் மாதம் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்தன. செப்டம்பர் 10 முதல் புதுக் கட்டணம் வந்தது. சிறுதொழில் செய்வோரை அதிகம் சுட்டவை நிலைக்கட்டணமும் (எவ்வளவு யூனிட் ஓடினாலும் லோடுக்காக மாதாமாதம் கட்டுவது) உச்சநேரக் கட்டணமும் (தேவை மிகுந்த நேரத்துக்கான கூடுதல் கட்டணம்).

இப்படிப்பட்ட கூட்டங்களில் மைக்கைப் பிடிப்பவர்கள் மனம் நொந்து பேசுவார்கள். "தொழிலை மூடிட்டுப் போக வேண்டியதுதான்" என்பார்கள். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை, எனக்கே தொண்டை அடைக்கும். ஆனால் உத்தரவு வெளியாகும்போது அதைப் பிரித்துப் பாருங்கள். ஆட்சேபனைகள், மனுதாரரின் பதில், ஆணையத்தின் கருத்து என்று ஒரு அத்தியாயம் இருக்கும். நூறு பேரின் கண்ணீர் அதில் 'கட்டணத்தை உயர்த்தக் கூடாது எனப் பலர் கோரினர்' என்ற ஒரே வரியாகச் சுருங்கியிருக்கும். கணக்கோடு வந்த ஆட்சேபனையை அப்படிச் சுருக்க முடியாது. அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கணக்கு என்றால் பெரிய பொருளாதார ஆய்வு ஒன்றும் வேண்டாம். ஜாப் ஒர்க் செய்யும் ஒரு சின்ன லேத் பட்டறை இருக்கிறது, 40 கிலோவாட் சாங்ஷன் லோடு, அதாவது மின்வாரியம் அனுமதித்த மின்சுமை. நிலைக்கட்டணம் மாதத்துக்கு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் நிறைந்து 4,000 யூனிட் ஓடும் மாதத்தில் அந்த நிலைக்கட்டணம் யூனிட்டுக்கு 75 பைசாவாக விழும். ஆர்டர் இல்லாமல் 500 யூனிட் மட்டும் ஓடும் மாதத்தில் அதே தொகை யூனிட்டுக்கு 6 ரூபாய். இரண்டு மெஷினை நிறுத்தி வைத்தாலும் லோடு காகிதத்தில் 40தான். ஒரு வருட ஈ.பி. பில்களை அடுக்கி வைத்து இந்த இரண்டு எண்களையும் எடுத்து எழுதுங்கள். கூடவே கோரிக்கை: 'சாங்ஷன் லோடுக்குப் பதிலாக மீட்டரில் பதிவான டிமாண்டை (உண்மையில் இழுத்த உச்ச அளவை) வைத்து நிலைக்கட்டணம் போடுங்கள். அது முடியாவிட்டால், மந்தமான மாதங்களில் லோடைத் தற்காலிகமாகக் குறைத்துக்கொள்ள வழி தாருங்கள்.' வெறும் எதிர்ப்பாக இருந்தது இப்போது ஒரு கேள்வியாக மாறிவிட்டது. ஆணையம் ஏற்கலாம், மறுக்கலாம். மறுத்தால் காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணம்தான் பின்னால் மேல்முறையீட்டுக்கு அடித்தளம்.

'அது முடியாவிட்டால்' என்ற இரண்டாம் கோரிக்கையைக் கட்டாயம் வையுங்கள். முழு வரைவையும் வாபஸ் வாங்கு என்று மட்டும் எழுதினால் கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு இரண்டே வழிதான், ஏற்பது அல்லது தள்ளுவது. அவர் தள்ளிவிடுவார். சட்டத்தில் இருப்பதை ஒரு விதியால் மாற்ற முடியாது என்பதையும் கவனியுங்கள். விதி எந்தப் பிரிவின் கீழ் வருகிறது என்று வரைவின் முகப்பிலேயே போட்டிருப்பார்கள். அந்தப் பிரிவை எடுத்துப் படித்துவிட்டு, அந்த அதிகாரியால் எதை மாற்றித் தர முடியுமோ அதைக் கேளுங்கள். நாடாளுமன்றம்தான் செய்ய வேண்டியதை ஒரு துறை இயக்குநரிடம் கேட்டு, கிடைத்த 30 நாளைத் தொலைத்த சங்கங்களைப் பார்த்திருக்கிறேன்.

வரைவைப் படிப்பதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. அமலுக்கு வரும் தேதியும் வரையறைகளும் பெரும்பாலும் முதல் இரண்டு விதிகளிலேயே இருக்கும். அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போவதும் அவற்றைத்தான். என் அனுபவத்தில் சின்ன யூனிட்களின் வலி பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. 'உற்பத்தியாளர்' என்றால் பேக்கிங் மட்டும் செய்பவரும் சேர்த்தியா? வருட விற்றுமுதல் வரம்பு இருக்கிறதா? பழைய சரக்கை என்ன செய்வது? இதையெல்லாம் பார்த்த பிறகு மற்ற விதிகளுக்குப் போனால் போதும்.

லேபிள் விதி ஒன்றை உதாரணமாகச் சொல்கிறேன். 'இந்த ஒழுங்குமுறை அரசிதழில் வெளியான நாள் முதல் நடைமுறைக்கு வரும்' என்று வரைவில் இருந்தால், பொடி, மிட்டாய், அப்பளம் போடுகிற ஒருவருக்கு என்ன நடக்கும்? பிளாஸ்டிக் பவுச்சில் அச்சிட நிறத்துக்கு ஒரு அச்சு உருளை (சிலிண்டர்) வெட்ட வேண்டும். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே அச்சகத்தில் ஆர்டர் எடுக்க மாட்டார்கள். பெரிய கம்பெனி ஒரு வாரத்தில் தீர்க்கும் ரோல், இவருக்கு ஒரு வருட இருப்பு. ஒரு வரி மாறினால் கோடவுனில் இருப்பது முழுவதும் குப்பை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதும்போது கட்டம் போட்டு எழுதுவது வழக்கம்: விதி எண், வரைவில் உள்ள வாசகம், நாம் கேட்கும் வாசகம், காரணம். மூன்றாவது கட்டத்தில் 'தயவுசெய்து பரிசீலிக்கவும்' என்று போடாதீர்கள். 'அரசிதழில் வெளியாகி 12 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். அதற்குமுன் அச்சிடப்பட்ட பேக்கிங் பொருளை அந்தக் காலத்துக்குள் பயன்படுத்தித் தீர்க்கலாம்' என்று முழு வாக்கியத்தையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். நான்காவது கட்டத்தில் சிலிண்டர் செலவு, அச்சகத்தின் குறைந்தபட்ச ஆர்டர், உங்கள் மாத உபயோகம். கொட்டேஷன் நகலை இணையுங்கள்.

2006ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, வெளிப்படையான பொதுக் கலந்தாலோசனை வேண்டும் என்றும், அதில் எல்லா நிலைப் பஞ்சாயத்துகளும் உண்டு என்றும் சொல்கிறது. பஞ்சாயத்து வரை போக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதப்பட்ட ஒரு விஷயத்தில், சுயஉதவிக் குழுவாக ஊறுகாய் போடும் பெண்களுக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

எண்ணிக்கையை வைத்து ஜெயித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விவகாரம் நல்ல பாடம். 2015 மார்ச்சில் இணையச் சேவைகள் குறித்து டிராய் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. இணையச் சமவாய்ப்பு (எல்லா இணையதளங்களையும் ஒரே மாதிரி நடத்துவது) நாடு முழுவதும் பேசுபொருளானது உண்மை. அதே வருடக் கடைசியில் பார்க்கும் இணையதளத்தைப் பொறுத்து வெவ்வேறு டேட்டா கட்டணம் வைக்கலாமா என்று கேட்டபோது, குறிப்பிட்ட சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்தை ஆதரித்து ஒரே மாதிரியான கடிதங்கள் லட்சக்கணக்கில் வந்து விழுந்தன. கேட்ட கேள்விகளுக்கு அவற்றில் பதில் இல்லை என்று டிராய் வெளிப்படையாகவே சொன்னது. 2016 பிப்ரவரி 8 அன்று அப்படிப்பட்ட பாரபட்சக் கட்டணங்களைத் தடை செய்து ஒழுங்குமுறை வந்தது. கேள்வி எண் போட்டு, காரணத்தோடு பதில் எழுதியவர்களின் வாதங்கள்தான் அங்கே எடுபட்டன. முதல் சுற்றில் வந்த மின்னஞ்சல்களை அனுப்பியவர்களின் முகவரியோடு டிராய் இணையத்தில் போட்டு, பெரிய சர்ச்சையானதையும் நினைவில் வையுங்கள். நீங்கள் அனுப்புவது பொதுவெளிக்கு வரலாம். பான் எண், வாடிக்கையாளர் பெயர், தொழில் ரகசியமான விலை விவரம் எதையும் அதில் வைக்க வேண்டாம்.

அரசின் பக்கமும் குறை நிறைய இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளின் வரைவு 2025 ஜனவரி 3 அன்று வந்தபோது, வரும் கருத்துகளை வெளியிட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். யார் என்ன கேட்டார்கள், யார் சொன்னது ஏற்கப்பட்டது என்பதே தெரியாவிட்டால் அந்தக் கருத்துக்கேட்பில் எப்படி நம்பிக்கை வரும்? மொழி அதைவிடப் பெரிய சுவர். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தது. அதை அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் எல்லாம் மொழிபெயர்க்கச் சொன்ன தில்லி உயர் நீதிமன்றம், கெடுவையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. அதை எதிர்த்து மத்திய அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதே சமயம் தரக்கட்டுப்பாட்டு ஆணை போன்ற தொழில்நுட்ப விதிகளை உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகளுக்குத் தெரிவிக்கும்போது 60 நாள் அவகாசம் தருவது பரிந்துரைக்கப்பட்ட வழக்கம். வெளிநாட்டு ஏற்றுமதியாளருக்கு ஆங்கிலத்தில் போய்ச் சேரும் ஒரு தகவல், ஈரோட்டில் இருக்கும் ஒரு சின்ன உற்பத்தியாளருக்குத் தமிழில் கிடைக்க வழியில்லை. இதை நான் ஏற்க மாட்டேன்.

தமிழில் எழுதலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாக எழுதலாம். குறை தீர்க்கக் கோரும் மனுவை மத்திய, மாநில அதிகாரி யாருக்கும் அந்த ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 350ஆம் பிரிவு தரும் உரிமை. விதியின் எண்ணையும் நீங்கள் கேட்கும் திருத்தத்தையும் மட்டும் ஆங்கிலத்திலும் சேர்த்துவிட்டால் வேலை சுலபமாகும். அவ்வளவுதான்.

நீதிமன்றம் கைகொடுத்த இடமும் உண்டு. பேசும்போதே இணைப்பு துண்டித்துப் போனால் (கால் டிராப்) வாடிக்கையாளருக்கு 1 ரூபாய் தர வேண்டும் என்ற டிராய் விதியை 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்குப் போட்டது செல்பேசி நிறுவனங்கள். அந்தத் தீர்ப்பு வாடிக்கையாளருக்கு இழப்புதான். ஆனாலும் அதில் நீதிபதிகள் சொன்ன ஒரு விஷயம் நமக்கெல்லாம் பொருந்தும். அமெரிக்காவில் இருப்பதைப் போல, விதி செய்வதற்கு முன் மக்களிடம் கேட்டு, வந்த கருத்துகளைப் பரிசீலித்து, காரணத்தோடு முடிவைச் சொல்ல வேண்டும் என்ற ஒரு பொதுச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள்.

அதுவரை நம் சங்கங்கள் சில வேலைகளைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும். ஒரு ஆளை நியமியுங்கள். உங்கள் தொழிலைத் தொடும் நான்கைந்து துறைகளின் இணையதளங்களையும் மின்னணு அரசிதழையும் வாரம் ஒருமுறை அவர் பார்க்கட்டும். வரைவு வந்ததும் இரண்டு பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம் எழுதி உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடட்டும். அப்புறம், அனைவரும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போடாமல், சங்கத்தின் பெயரில் ஒன்றும், சொந்தக் கணக்கோடு சில உறுப்பினர்களின் கடிதங்கள் தனித்தனியாகவும் போகட்டும். மின்னஞ்சலில் அனுப்பினாலும் ஒரு நகலை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ஒப்புகையைக் கோப்பில் வையுங்கள்.

இறுதி உத்தரவு வந்த அன்றே உங்கள் விதி எண்ணைத் தேடிப் பாருங்கள். மின் கட்டண உத்தரவாக இருந்தால், பாதிக்கப்பட்டவர் 45 நாளுக்குள் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வேறு துறை என்றால், தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு உதவும். மக்களைப் பாதிக்கும் கொள்கையை வகுக்கும்போது அது சார்ந்த விவரங்களை வெளியிட வேண்டும், நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தர வேண்டும் என்கிறது அது. அதைக் குறிப்பிட்டு, 'நான் இந்தத் தேதியில் அனுப்பிய கருத்தைப் பரிசீலித்த கோப்புக் குறிப்பின் நகலைத் தரவும்' என்று ஒரு மனுப் போடுங்கள். ஸ்பீடு போஸ்ட் ஒப்புகையின் நகலை அதோடு இணையுங்கள்.