ஏ, பி, ஏ, பி: புத்தகத்திலிருந்து செயலிக்குள்

உயர்தரத்தில் பணிசெயல் முறைமையை (ஒப்பரேட்டிங் சிஸ்டம்) படித்தவர்களுக்கு, ஒரு நிரல் கடக்கும் நிலைகளைக் காட்டும் அந்த வரைபடம் நினைவிருக்கும்: ‘தயார்’, ‘ஓடுகிறது’, ‘காத்திருக்கிறது’ என்று வட்டங்கள், இடையிடையே அம்புக்குறிகள். கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்துக்குக் கணினி விஞ்ஞானம் படிக்க வருபவர்களில் பலர் அதை மனப்பாடமாக வரைவார்கள். ஆனால், ஓடிக்கொண்டிருக்கும் நிரலை அந்த அம்புக்குறி எப்படிப் பிடித்து நிறுத்துகிறது?

நிரல் ஓடும்போது செயலி முழுவதும் அதன் கையில்தான் இருக்கிறது. ஒற்றைச் செயலியில் அந்த நொடி பணிசெயல் முறைமை ஓடவே இல்லை. ஆகவே வெளியிலிருந்து யாராவது தட்டவேண்டும். பழைய பீசி வடிவமைப்பில் அந்த வேலை நேரக்காட்டிச் சில்லுக்கு உரியது. வினாடிக்கு ஏறத்தாழ 1,193,182 துடிப்புகளை எண்ணும் சில்லு அது. அதற்குரிய கட்டளையைக் கொடுத்தபின், 64 ஆம் துறைக்கு (துறை என்பது செயலி மற்றச் சில்லுகளோடு பேசும் எண்ணிட்ட வாசல்) 156, 46 என்று இரண்டு பைட்டுகளை அடுத்தடுத்து எழுதுங்கள். இரண்டும் சேர்ந்து 11,932 என்ற எண் (46 × 256 + 156). அத்தனை துடிப்புக்கு ஒருமுறை, அதாவது வினாடிக்குச் சுமார் நூறு தடவை, ‘கையிலுள்ளதை நிறுத்திவிட்டு இதைக் கவனி’ என்னும் குறுக்கீடு செயலிக்கு வரும்.

சொந்தக் கேர்னலை, அதாவது பணிசெயல் முறைமையின் கருவை, எழுதத் தொடங்குபவர் முதலில் முட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் விட்டுச்சென்ற ஏற்பாட்டில் நேரக்காட்டியின் குறுக்கீட்டு எண் 8. கேர்னல் செயலியை மாற்றிவைக்கும் ‘பாதுகாப்பு நிலை’யிலோ அதே எண், ஒரு பிழையைக் கையாளப் போகும்போதே இன்னொன்று விழும் ‘இரட்டைப் பிழை’க்கு உரியது. 0 முதல் 31 வரை செயலிக்கே ஒதுக்கப்பட்டிருப்பதால், நேரக்காட்டியின் குறுக்கீட்டு எண்ணை 32 க்கு நகர்த்தவேண்டும். குறுக்கீட்டைக் கையாள எதுவுமே எழுதாமல் விட்டாலோ பிழைமேல் பிழை விழுந்து, மூன்றாவதில் கணினி மீளத் தொடங்கிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. அதைக் காட்டவேண்டிய முறைமையைத்தானே நீங்கள் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்! அதனால் உண்மையான கணினியைத் தொடுமுன் கியூஎம்யூ போன்ற போலிக் கணினியில் ஓட்டுவதே புத்தி. மீள்தொடக்கத்தைத் தடுக்கவும், வந்த குறுக்கீடுகளை வரிசையாகப் பதிவுசெய்யவும் அதில் வசதி உண்டு.

இன்னொரு பொறி: முதல் குறுக்கீடு வரும், இரண்டாவது வராது. நிலாவெளி வீதி பஸ்ஸில் நடத்துநர் மணி அடிக்காமல் சாரதி நகரமாட்டார் அல்லவா? குறுக்கீடுகளைச் செயலிக்கு அனுப்பும் கட்டுப்படுத்திச் சில்லும் அப்படித்தான். ‘முடித்துவிட்டேன்’ என்று 32 ஆம் துறைக்கு 32 என்ற எண்ணை எழுதும்வரை அடுத்த துடிப்பை அனுப்பாது.

இனி இரண்டு பணிகளை எழுதுங்கள். ஒன்று திரையில் ‘ஏ’ அச்சிடட்டும், மற்றது ‘பி’. ஒவ்வொரு குறுக்கீட்டிலும் ஒன்றின் பதிவகங்களை (செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) அதன் அடுக்கில் (நினைவகத்தில் அந்தப் பணிக்கென ஒதுக்கிய இடம்) சேமித்து, அந்த இடத்தைக் காட்டும் அடுக்குச் சுட்டியை மாற்றி, மற்றதன் பதிவகங்களை ஏற்றவேண்டும். ஏயும் பியும் மாறிமாறி வரத் தொடங்கினால் அந்த அம்புக்குறி உங்கள் கையில் வந்துவிட்டது.

அதன்பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகமான எம்ஐடியின் எக்ஸ்வி6 ஐத் திறக்கலாம். 1975 இன் ஆறாம் பதிப்பு யுனிக்ஸைத் தழுவிக் கற்பித்தலுக்காக எழுதப்பட்ட முறைமை அது. லினக்ஸின் கோடிக்கணக்கான வரிகளுக்குள் நேரே குதிப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். எக்ஸ்வி6 இன் ரிஸ்க்-வி வகைச் செயலிக்கான வடிவில் பணி மாற்றும் அசெம்பிளிப் பகுதி பதினான்கு பதிவகங்களைச் சேமிக்கிறது, பதினான்கை ஏற்றுகிறது, திரும்புகிறது. அவ்வளவுதான்.