மேற்கோள்: ஒரு சொல்லுக்குள் இரண்டு வேலை

தமிழ் விக்கிப்பீடியாவில் ஆதாரமில்லாத வரியின் ஓரத்தில் சதுர அடைப்புக்குள் ‘சான்று தேவை’ என்றிருக்கும். அந்தச் சான்றைத் தேடிப் பிடித்துச் சேர்த்தால், பல கட்டுரைகளில் அது போய் உட்காரும் இடம் அடியில் உள்ள ‘மேற்கோள்கள்’ என்ற தலைப்பு. கேட்டது சான்று, கொடுத்தது மேற்கோள். இரண்டும் ஒன்றுதானா? போதாக்குறைக்கு, பொன்மொழிகளைத் தொகுக்கும் இன்னொரு திட்டத்துக்கு விக்கிமேற்கோள் என்று பெயர். அங்கே மேற்கோள் என்றால் ஒருவர் சொன்ன வாக்கியம், சொன்னது சொன்னபடி.

வெறும் பெயர்க் குழப்பம் என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. என் முதல் கட்டுரையே இதில் விழுந்து எழுந்ததுதான். ஒரு நூலிலிருந்து இரண்டு பத்திகளை எழுத்துப் பிசகாமல் எடுத்துப் போட்டேன். அடியில் நூற்பெயர், பக்க எண் எல்லாம் கொடுத்தேன். மேற்கோள் காட்டியாயிற்று என்ற திருப்தி. மறுநாள் பார்த்தால் பத்திகள் இரண்டையும் காணோம். மாற்றம் செய்தவர் காரணம் எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் ‘பதிப்புரிமை மீறல்’ என்று இரண்டே சொல். பெயரைச் சொல்லித்தானே எடுத்தேன் என்று உரையாடல் பக்கத்தில் மல்லுக்கு நின்றேன். யாருடையது என்று சொல்வது வேறு, எடுத்துக்கொள்ள உரிமை இருப்பது வேறு என்று ஒரு பயனர் பொறுமையாகப் பதில் எழுதினார். அப்போது அது மண்டையில் ஏறவில்லை. மேற்கோள் என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் ஏறியது.

மேல் + கோள். கொள் என்ற வினையின் முதல் எழுத்து நீண்டு கோள் ஆகிறது. பெறு பேறு ஆவது போல. பயணம் மேற்கொண்டார், விரதம் மேற்கொண்டார் என்கிறோமே, அதே மேற்கொள்தான். ஆக, மேற்கோள் என்பதன் அடிப்பொருள் ஒருவர் தம் மேல் ஏற்றுக்கொண்டது. பிறர் சொன்னதை எடுத்துக்காட்டுவது என்ற பொருள் இதற்குள் இன்னும் வரவில்லை.

பழைய தருக்க நடையில் இந்தப் பொருள் துலக்கமாகத் தெரியும். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மெய்கண்டாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தில் 12 சூத்திரங்கள். அவற்றின் கருத்தை நிறுவும் முறையில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று மூன்று படிகள் உண்டு. மேற்கோள் என்பது நூலாசிரியர் நிறுவப் புகும் கூற்று. ஏது அதற்கான காரணம். எடுத்துக்காட்டு அதை விளங்கவைக்கும் செய்யுள். அதாவது அங்கே மேற்கோள்தான் ஆதாரம் கேட்டு நிற்கும் கட்சி! இன்றைக்கு நாம் ‘மேற்கோள் தேவை’ என்று எழுதினால், ‘கூற்றை இனிமேல்தான் சொல்லப் போகிறீர்களா?’ என்று மெய்கண்டார் கேட்டிருப்பார்.

பொருள் திரும்பியதற்கு உரையாசிரியர்களின் பழக்கம் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். பழஞ்சூத்திரத்தை எடுத்து ஆள்கிறவர் அதைத் தம் கருத்தாகவும் மேற்கொள்கிறார். நாளடைவில் மேற்கொண்ட கருத்தை விட்டு, எடுத்து ஆண்ட வரிக்கே பெயர் ஒட்டிக்கொண்டது. நன்னூலில் ஒரு வெண்பா இருக்கிறது. பழைய சூத்திரங்களை ஏன் அப்படியே எடுத்தாள்கிறோம் என்பதற்குக் காரணம் சொல்லும் வெண்பா.

‘முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும்
பொன்னேபோல் போற்றுவம் என்பதற்கும்’

என்று தொடங்கி, முன்னோரிலிருந்து வேறுபட்ட நூல் செய்வோம் என்னும் ‘மேற்கோள் இல்’ என்பதற்கும் என்று போகும். பிறர் வரியை எடுத்தாளுவதைப் பற்றிய பாட்டிலேயே மேற்கோள் என்ற சொல் வருகிறது. ஆனால் கொள்கை, துணிந்த முடிவு என்ற பழைய பொருளில்.

இந்த வெண்பாவில் எனக்கு வேண்டியது முதல் அடிதான். மொழிபொருள் ஒன்று, மொழி இன்னொன்று. முன்னோர் சொன்ன செய்தியும் அதைச் சொன்ன சொற்களும் வெவ்வேறு என்று அது பிரித்து வைக்கிறது. கலைக்களஞ்சியத்தில் எழுத வருகிறவருக்கு இதைவிடத் தெளிவான முதல் பாடத்தை நான் பார்த்ததில்லை. பொருளை எடுத்துக்கொள்ளலாம், சொந்த நடையில் எழுதி, எங்கிருந்து கிடைத்தது என்று காட்டினால் போதும். மொழியை எடுப்பதாயிருந்தால் அளவோடு எடுத்து, மேற்கோள் குறிக்குள் வைத்து, சொன்னவர் பெயரையும் சொல்ல வேண்டும். நான் செய்த கூத்து, மொழியை எடுத்துவிட்டுப் பொருளை எடுத்ததாகக் கணக்குக் காட்டியது.

ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. சொற்களை அப்படியே எடுப்பது கோட். அது எண்ணிட்டுக் குறித்தல் என்ற பொருளுடைய இடைக்கால லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆதாரத்தைச் சுட்டுவது சைட்டேஷன். அதன் வேர் அழைத்தல், குறிப்பாக வழக்குமன்றத்துக்கு வரச்சொல்லி அழைத்தல். ஒரு கூற்றைச் சொல்லிவிட்டுச் சாட்சியைக் கூண்டில் ஏற்றுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

சாட்சி என்றதும் நம் சொல் தானாக வந்து நிற்கிறது. சான்று. சால் என்ற வேருக்கு நிறைதல், தகுதியாதல் என்று பொருள். சாலச் சிறந்தது, சால்பு, சான்றோர், சான்றாண்மை எல்லாம் ஒரே குடும்பம். தகுதியில் நிறைந்து நிற்பவர் சொல்வது சான்று. சாட்சி வடமொழியிலிருந்து வந்தது. இன்னொரு பழஞ்சொல் கரி. புகாரின் பூத சதுக்கத்தில் பூதம் பிடித்துத் தின்பவர்களின் பட்டியலில் சிலப்பதிகாரம் பொய்க்கரியாளரையும் சேர்க்கிறது. படிக்காத நூலைச் சான்றாகப் போடுகிற கை எனக்கும் சில சமயம் அரிக்கும். அப்போது இந்தப் பூதத்தை நினைத்துக்கொள்வேன்.

சான்றுக்கு ஏன் இத்தனை கெடுபிடி? அச்சு யுகத்துக் களஞ்சியங்களில் எழுதியவரின் புலமையே பாதி உறுதி. 2001 ஜனவரி 15 அன்று தொடங்கிய விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம்; பேராசிரியரும் பள்ளி மாணவரும் ஒரு பயனர் பெயர்தான். ஆளை நம்ப வழியில்லாததால் கூற்றைச் சரிபார்க்க வழி வைத்தார்கள். மெய்யறிதன்மை என்று அந்தக் கொள்கைக்குப் பெயர். நீங்கள் சொல்வது மெய்யாக இருந்தால் மட்டும் போதாது, படிப்பவர் போய்ப் பார்த்து மெய்யென்று அறிய முடிய வேண்டும். சொந்த ஆய்வு கூடாது என்பதும் நடுநிலையும் இதன் கூட்டாளிகள்.

இந்த அளவுகோலில் நம் மரபே கொஞ்சம் திணறும். தொல்காப்பியத்தில் திரும்பத் திரும்ப வரும் ‘என்மனார் புலவர்’ (புலவர்கள் என்று சொல்வார்கள்) இன்று ஒரு கட்டுரையில் வந்தால், ‘எந்தப் புலவர்?’ என்று குறிப்பு ஒட்டிவிடுவார்கள். உரைகளில் ‘என்றார் பிறரும்’ என்று பாடல் வரி வரும். எந்த நூல் என்று பல இடங்களில் இராது. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தபோது, அந்தப் ‘பிறர்’ யார் யார் என்று ஏடுகளில் தேட வேண்டியிருந்தது. மேற்கோள் இருந்தது, சான்று இல்லை. இரண்டும் வேறு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சாட்சிக்கும் ஒரு தகுதி உண்டு: அவர் கேட்டறிந்த இடம், நிறுவ வேண்டிய கூற்றுக்கு வெளியே இருக்க வேண்டும். 2008-இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் கோவாட்டி என்ற விலங்கின் கட்டுரையில், அதற்குப் ‘பிரேசிலிய ஆர்ட்வார்க்’ என்றும் பெயர் உண்டு என ஒரு மாணவர் விளையாட்டாகச் சேர்த்தார். செய்தித்தாள்கள் அதை நம்பி எழுதின. பிறகு அந்தச் செய்தியே கட்டுரைக்குச் சான்றாக வந்து நின்றது. குற்றவாளி சொல்லிக்கொடுத்ததைச் சாட்சி ஒப்பித்த கதை. குட்டு வெளிப்பட 2014 ஆயிற்று.

வேறு சொற்களும் புழக்கத்தில் உண்டு. ஆதாரம் பொதுப்பேச்சுக்குச் சரி, ஆனால் பொத்தாம்பொதுவானது. மூலம் என்பது செய்தி கிடைத்த நூலையோ ஆவணத்தையோ குறிக்கும். ஈழத்து எழுத்தில் நிறையக் காணும் உசாத்துணை எனக்குப் பிடித்த சொல். உசாவுதல் என்றால் கேட்டு ஆராய்தல். எழுதும்போது கலந்துகொண்ட நூல்களின் பட்டியலுக்கு அது கச்சிதம்.

என் பரிந்துரை இதுதான். பிறர் சொற்களை அப்படியே தருவது மேற்கோள். ஒரு கூற்று எங்கிருந்து வந்தது என்று காட்டுவது சான்று. ‘சிந்தாமணிப் பதிப்பு 1887-இல் வெளிவந்தது’ என்பதற்குச் சான்று போதும், மேற்கோள் வேண்டாம். ‘பொன்னேபோல் போற்றுவம்’ என்று எழுதினால் அது மேற்கோள், அதற்கும் ஒரு சான்று வேண்டும். நான் தொடங்கும் கட்டுரைகளின் அடித்தலைப்பை இப்போதெல்லாம் ‘சான்றுகள்’ என்றுதான் வைக்கிறேன். சில நாளில் யாராவது வந்து ‘மேற்கோள்கள்’ என்று மாற்றிவிட்டுப் போகிறார்கள். வரலாற்றுப் பக்கத்தில் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன். உள்ளே மேற்கோள் குறிகள் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் ஒருமுறை சரிபார்ப்பேன்.