ரூட்டர் மாறியதும் பிரிண்டர் முரண்டு பிடிப்பது ஏன்?

வீட்டுக்குப் புது ஃபைபர் இணைப்பு வந்த மறுநாளே, அதுவரை ஒழுங்காக ஓடிய பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று நின்றுவிடும். போர்டு போய்விட்டது என்று சர்வீசுக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பெரும்பாலும் பிரிண்டரில் கோளாறே இருக்காது.

வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர்களில் நிறைய மாடல்கள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டும்தான் பிடிக்கும். இப்போது வரும் ரூட்டர்களோ 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் காட்டுகின்றன. போன் 5-இல் இருந்தால், பிரிண்டரைச் சேர்க்கும் செயலி பல நேரம் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் 'இணைக்க முடியவில்லை' என்று கைவிரித்துவிடும். ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அமைப்புப் பக்கத்தின் முகவரி இருக்கும். அதற்குள் போய் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் 'பேண்ட் ஸ்டீயரிங்' அல்லது 'ஸ்மார்ட் கனெக்ட்' என்பதை அணைத்துவிட்டு, இரண்டுக்கும் வேறு வேறு பெயர் கொடுங்கள். போனை 2.4-இல் சேர்த்த பிறகு பிரிண்டரைச் சேருங்கள். அதே பக்கத்தில் வைஃபை பாதுகாப்பு முறை 'டபிள்யூபிஏ3 மட்டும்' என்றிருந்தால் பழைய பிரிண்டர் உள்ளே வராது, டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள்.

இதைவிடச் சுலபமான வழி, இணைப்புக் கொடுக்க வருபவரிடமே பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் ஓர் எழுத்துகூட மாறாமல் 2.4-க்கு வைக்கச் சொல்வது. பிரிண்டர் தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

ரூட்டரில், பாஸ்வேர்டு அடிக்காமலே கருவியைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் பொத்தான் இருந்தால் அதை அழுத்திய 2 நிமிடத்துக்குள் பிரிண்டரின் வைஃபை பொத்தானையும் அழுத்த வேண்டும். விளக்கு மினுக்கினால் இன்னும் தேடுகிறது, நிலையாக எரிந்தால் சேர்ந்துவிட்டது. சந்தேகமிருந்தால் பிரிண்டரிலிருந்தே நெட்வொர்க் விவரத் தாளை அச்சிட்டுப் பாருங்கள். ஐபி முகவரி (நெட்வொர்க்கில் பிரிண்டருக்கான எண்) 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் அதற்கு முகவரியே தரவில்லை என்று அர்த்தம்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் போய் வந்த பிறகு மட்டும் அச்சாகவில்லையா? ரூட்டர் வேறு முகவரி கொடுத்திருக்கும், கணினி பழைய முகவரியையே தேடிக்கொண்டிருக்கும். ரூட்டரில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' பகுதியில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு (கருவிக்கே உரிய அடையாள எண்) ஒரே ஐபியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை விட்டது. கரண்ட் வந்ததும் முதலில் ரூட்டர், அதன் விளக்குகள் நிலைத்த பிறகு பிரிண்டர். சுவர் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்க வேண்டாம். பிரிண்டரின் சொந்தப் பொத்தானில் அணைத்தால்தான் மை தெளிக்கும் ஹெட் மூடிக்குள் போய் உட்காரும். இல்லாவிட்டால் மதுரைச் சித்திரை வெயிலில் மை காய்ந்து, அது வரும் நுண்துளையான நாசில் அடைத்துக்கொள்ளும்.

மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் சுவர் கனம் அதிகம். பக்கத்து வீட்டு வைஃபைகளும் நெருக்கும். ரூட்டரில் 2.4-இன் சேனலை (அலைவரிசை எண்ணை) 1, 6, 11-க்குள் கூட்டம் குறைந்ததாக மாற்றிப் பாருங்கள். இரும்பு பீரோவின் பின்னால் பிரிண்டரை வைக்காதீர்கள். விருந்தினருக்கான 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கும் போனுக்குப் பிரிண்டர் பெரும்பாலும் தெரியாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கூகுளில் 'பிரிண்டர் கஸ்டமர் கேர்' என்று தேடிக் கிடைக்கும் எண்களை நம்பி அழைக்காதீர்கள். போலி ஆட்கள் 'வைரஸ் இருக்கிறது' என்று பயமுறுத்தி, உங்கள் கணினியை அவர்கள் இடத்திலிருந்தே இயக்கும் செயலியை ஏற்றச் சொல்லிப் பணம் பறிக்கிறார்கள். டிரைவருக்கும் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) உதவி எண்ணுக்கும் பெட்டியோடு வந்த கையேட்டில் உள்ள முகவரியை மட்டும் பயன்படுத்துங்கள். ஏமாந்துவிட்டால் உடனே இணையத்தைத் துண்டித்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்; வங்கிக்கும் அப்போதே சொல்லிவிடுங்கள்.