செவுளில் முளைத்த வெள்ளைப் பஞ்சு

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டு வாசலில் ஒரு மாணவி வந்து நின்றாள். படிவம் நான்கு படிக்கிறாள். அப்பாவுக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. கையில் மூடி போட்ட ஐஸ்கிரீம் டப்பா, அதற்குள் கொஞ்சம் தண்ணீர், தண்ணீருக்குள் வெளிர் இளஞ்சிவப்பில் ஓர் ஆக்சோலாட்டல்.

“சார், ரெண்டு நாளா சாப்பிடல. செவுள்ல பஞ்சு மாதிரி வந்திருக்கு. மஞ்சள் கரைச்சு ஊத்தலாம்னு பாட்டி சொல்றாங்க. ஊத்தலாமா சார்?”

வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் வேண்டாம், வேறு என்ன செய்யலாம் என்று விளக்க அன்று சாயங்காலம் வரை ஆகிவிட்டது. அதே சந்தேகம் வேறு வீடுகளிலும் இருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஆக்சோலாட்டல் சாலமாண்டர் வகை. தவளைக்குத் தலைப்பிரட்டைப் பருவம் இருப்பது போல இதற்கும் ஓர் இளம்பருவம் உண்டு. ஆனால் இது அந்தப் பருவத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. அப்படியே வளர்ந்து, முட்டையிட்டு, சாகும்வரை தலைக்கு இருபுறமும் மும்மூன்று இறகுச் செவுள்களோடு தண்ணீரிலேயே வாழும். சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தின் சோச்சிமில்கோ ஏரி. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் குளிர்ந்த இடம். 16 முதல் 18 டிகிரி வரை தண்ணீர் இருந்தால் அது நிம்மதியாக இருக்கும். நம் ஊரில் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் இரண்டு மணிக்குத் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும். 18 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 9.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் 7.5தான். சூட்டில் உடம்பு வேகமாக ஓடி அதிக ஆக்சிஜன் கேட்கிற நேரத்தில் தண்ணீரோ குறைவாகத்தான் தரும். அந்தத் தவிப்பில் நோய் எதிர்ப்பு சக்தி தளர்கிறது. சரி, பஞ்சு எங்கிருந்து வந்தது?

உதிர்ந்து மிதந்த ஒரு துணுக்கை எடுத்து என் பழைய நுண்ணோக்கியில் வைத்து, அவளையே பார்க்கச் சொன்னேன். கண்ணாடிக் குழாய்கள் போல நீள நீளமான இழைகள். நடுவில் தடுப்புச் சுவரே இல்லை. உண்மையான பூஞ்சைகள் பலவற்றில் இழைக்குள் அறை அறையாகத் தடுப்பு இருக்கும். இது சாப்ரோலெக்னியா வகை நீர்ப்பூசணம் என்று அதை வைத்துத்தான் நினைத்தேன். பார்வைக்குப் பூஞ்சை போலவே இருந்தாலும் உறவுமுறையில் கடலில் வளரும் பழுப்புப் பாசிகளுக்குத்தான் நெருக்கம். பூஞ்சையின் சுவரில் கைட்டின் முக்கியப் பொருள். இதன் சுவரிலோ செடிகளைப் போல செல்லுலோஸ் உண்டு.

தோட்டத்துக்காரர்களுக்கு இந்தக் குடும்பம் புதிதில்லை. பால்மரம் (ரப்பர்) சீவிய காலத்தில், அடைமழை நாள்களில் வெட்டுப்பட்டையில் கறுப்புக் கோடுகள் விழுமே, அது பைட்டோப்தோராவின் வேலை. டுரியான் மரத்தின் பட்டை அழுகிக் கசிவதும் அதனால்தான். அந்தப் பைட்டோப்தோரா சாப்ரோலெக்னியாவுக்குப் பங்காளி. செம்பனையின் அடித்தண்டை அழுகவைக்கும் கானோடெர்மா மட்டும் உண்மையான பூஞ்சை. மழை பெய்தால் ஏன் கறுப்புக் கோடு கூடுகிறது என்று யோசித்தால், ஆக்சோலாட்டலுக்கு வைத்தியமும் அங்கேயே கிடைத்துவிடும். இவற்றின் வித்துகள் நீந்தும்!

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இழையின் நுனி கதாயுதம் போலத் தடித்து வீங்குகிறது. அதற்குள் வித்துகள் நெருக்கியடித்து நிறைகின்றன. ஒரு கட்டத்தில் நுனி திறந்து, பள்ளி மணி அடித்தவுடன் பிள்ளைகள் ஓடிவருவது போல வரிசையாக வெளியே பாய்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. பேரிக்காய் வடிவம், முன்பக்கம் நீந்த உதவும் இரண்டு கசையிழைகள். இந்த முதல் நீச்சல் அதிக நேரம் நீடிக்காது. கசையிழைகளை விட்டுவிட்டு, உருண்டு, மேலே ஓர் ஓடு கட்டிக்கொண்டு நின்றுவிடும். அப்புறம் அந்த ஓட்டை விட்டு இன்னொரு வடிவில் வெளியே வரும். இந்த முறை அவரைவிதை போல, கசையிழைகள் பக்கவாட்டில். முன்னைவிட நன்றாக நீந்தும். புண்பட்ட தோலோ செத்த மீனோ கிடைத்தால் அங்கே ஒட்டி மறுபடி ஓடு கட்டும். சில இனங்களில் இந்த ஓட்டின் மேல் தூண்டில்முள் போல வளைந்த நுண்ணிய கொக்கிகள் இருக்கும். ஒட்டிய இடம் சரியில்லை என்றால் ஓட்டை உதறிவிட்டுத் திரும்பவும் நீந்தப் போகும். இப்படிப் பல தடவை இடம் மாறிப் பார்க்கும் ஓர் உயிர், மூளையும் கண்ணும் இல்லாமல்! எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

நீங்களும் பார்க்கலாம். குளத்துத் தண்ணீரைக் கிண்ணத்தில் எடுத்து, வேகவைத்த எள் நாலைந்து போட்டு வையுங்கள். சில நாள்களில் எள்ளைச் சுற்றி வெள்ளை முடி முளைத்தால், வித்து வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள்.

நீந்தும் வித்துக்கு ஒரு பலவீனம் உண்டு. அதற்குச் செல்சுவர் கிடையாது. சவ்வூடுபரவலால் நன்னீர் ஓயாமல் உள்ளே கசிய, சுருங்கும் நுண்குமிழ் ஒன்று அதை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும். ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிற மாதிரி. வெளித் தண்ணீரில் உப்பு ஏறினால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்: உள்ளே இருக்கும் நீர் வெளியே போகத் தொடங்கும். செவுளில் ஒட்டியிருக்கும் இழைகளும் நீரிழந்து தளரும்.

ஆனால் அதே உப்புத் தண்ணீரில்தான் ஆக்சோலாட்டலும் இருக்கிறது. நீர்நில வாழிகளின் உடல்நீரின் செறிவு சுமார் 0.65 சதவீத உப்புக் கரைசலுக்குச் சமம். ஒரு லிட்டருக்கு 2 தேக்கரண்டி உப்புப் போட்டால் கரைசல் ஏறக்குறைய 1 சதவீதம். ஆகவே ஆக்சோலாட்டலுக்கும் நீர் போகும். மெல்லிய இழை சீக்கிரம் வாடும். பெரிய உடம்பு மெதுவாக வாடும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். 10 நிமிடம், நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை. 15 நிமிடத்தைத் தாண்டினால் செவுளும் தோலும் புண்ணாகும். அயோடின் சேர்க்காத கல்லுப்பு, தனி டப்பா, கையில் கடிகாரம். பக்கத்திலிருந்து எழுந்து போகக் கூடாது.

உப்புக் குளியல் முடிந்ததும், குளோரின் நீக்கிய குளிர்ந்த தண்ணீர் உள்ள தொட்டிக்கு மாற்ற வேண்டும். அந்தத் தண்ணீரைத் தினமும் முழுதாக மாற்றுவது உப்பைவிட முக்கியம் என்பேன். புதிதாகக் கிளம்பிய வித்துகள் மறுபடி ஒட்ட இடம் தேடுவதற்குள் அவற்றைக் கொட்டிவிடுகிறோம். குளிர்ச்சிக்கு, உறையவைத்த தண்ணீர்ப் போத்தல்களை மூடியோடு மாற்றி மாற்றி மிதக்கவிடலாம். வெப்பம் மெதுவாக இறங்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர்களும் உண்டு. நாளைக்கு இருபது தடவை திறந்து மூடும் வீட்டுப் பெட்டியில் அதை நான் செய்யச் சொல்லமாட்டேன். கெத்தாப்பாங் மரத்தின் காய்ந்த இலையிலிருந்து இறங்கும் தானின் என்ற துவர்ப்புப் பொருள் கொஞ்சம் உதவும். அதை மட்டும் நம்ப முடியாது. பஞ்சோடு சிவந்த புண்ணோ தோல் உரிவதோ தெரிந்தால் பாக்டீரியாவாக இருக்கலாம். அப்போது கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

பாட்டியின் மஞ்சளுக்கு வருகிறேன். நம் காயத்துக்கு மஞ்சள் வைத்த அனுபவத்திலிருந்து அவர் சொன்னார், அதில் அக்கறை இருக்கிறது. ஆனால் மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற மருந்துப் பொருள் தண்ணீரில் கரைவதே அபூர்வம். கரையாத தூள், ஏற்கெனவே மூச்சுக்குத் தவிக்கும் செவுளில் போய்ப் படியும். என்னைக் கோபப்படுத்தியது பக்கத்து வீட்டு யோசனைதான்: “வீட்டுத் திருஷ்டியை அது வாங்கிக்கிச்சு, ஆத்துல விட்டுடுங்க.” நம் ஆற்றுச் சூட்டில் அது பிழைக்காது. அதன் மேல் இருக்கும் நோய் ஆற்று மீன்களுக்கும் போகலாம். திருஷ்டி என்ற ஒரு சொல்லால் எத்தனை வளர்ப்புப் பிராணிகள் வைத்தியம் இல்லாமல் செத்திருக்கின்றன! செம்பனைக்கும் பால்மரத்துக்கும் வரும் நோய்களை ஆராயப் பணம் ஒதுக்குவது நியாயம்தான். அதில் கொஞ்சம் எடுத்து, சின்ன ஊர்களில் ஒரு நுண்ணோக்கியும் அதைப் பார்க்கத் தெரிந்த ஒருவரும் இருக்கும்படி செய்தால், இந்தப் பிள்ளை என் வீட்டைத் தேடி வந்திருக்க வேண்டியதில்லை.

அவள் நோட்டுப் புத்தகம் போட்டு, காலை மாலை வெப்பநிலையும் உப்புக் குளியல் நேரமும் எழுதினாள். நான்காம் நாள் பஞ்சு சுருங்கியது. ஆறாம் நாள் ஒரு மண்புழுத் துண்டைத் தின்றது. பத்தாம் நாள் வெள்ளை அறவே இல்லை. இடப்பக்க நடுச் செவுளில் இறகுகள் உதிர்ந்து, காம்பு மட்டும் மொட்டையாக நின்றது. இழந்த காலையே திரும்ப வளர்க்கும் பிராணி அது, செவுளுக்கும் அதே திறமை உண்டு, பொறுத்துப் பார் என்றேன்.

நேற்று மறுபடி வந்தாள். டப்பாவை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினாள். அந்த மொட்டைக் காம்பின் நுனியில், நூல் மாதிரி இரண்டு சிவப்பு இழைகள்.