"திமிர் பிடித்த பையன்" என்று முடிவு கட்டுமுன்

இளம் கால்பந்து வீரர்களுக்கு மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். ஒரு பையனை என்னிடம் அனுப்பும்போது கோச் பெரும்பாலும் ஒரே வரியில் விஷயத்தை முடித்துவிடுவார்: "ஆட்டம் பிரமாதம், ஆனா திமிர் ஜாஸ்தி."

அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கவலை வந்துவிடுகிறது. திமிர் என்று பெயர் வைத்துவிட்டால், அதற்கப்புறம் யாரும் எதுவும் விசாரிப்பதில்லை.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பதினைந்து வயது, நடுக்கள வீரன். பயிற்சிக்குத் தினமும் இருபது நிமிடம் தாமதமாக வருவான். மற்ற பையன்கள் தாமதமாக வந்தால் மைதானத்தை ஐந்து சுற்று ஓட வேண்டும். இவனுக்கு மட்டும் அது கிடையாது. "கோல் போடுறான்ல, விடுங்க" என்றார்கள். ஆட்டத்தில் பாஸ் வரவில்லை என்றால் கையை விரித்துக் கத்துவான். மாற்றி வெளியே அழைத்தால் தண்ணீர் பாட்டிலை உதைத்துவிட்டுப் போவான்.

அவன் ஆடிய ஒரு போட்டியின் வீடியோவை உட்கார்ந்து பார்த்தேன். முதல் பாதியில் ஒன்பது முறை இவன் யாரும் மறிக்காமல் தனியாக நிற்கிறான். பக்கத்திலேயே இருந்த இடது பின்கள வீரன் அவனுக்குப் பந்து கொடுத்தது இரண்டே முறை. சுற்று ஓடிய பையன்கள், ஓடாதவனுக்குப் பந்தை நிறுத்திவிட்டார்கள். பந்து வராததால் இவன் கத்துகிறான். கத்துவதால் பந்து இன்னும் குறைகிறது. இதைத் தொடங்கி வைத்தது அவனுக்குச் சலுகை கொடுத்த பெரியவர்கள்தான்.

சரி, ஏன் தாமதம்? அதுவரை யாரும் கேட்டதே இல்லை. காரில் வரும் வழி முழுக்க அப்பா முந்தைய போட்டியின் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவாராம். இறங்கியதும் நேராக மைதானத்துக்குப் போக முடியாமல், படபடப்பு அடங்கும்வரை வெளியே நடந்துகொண்டிருப்பானாம்.

டெலே ஆலியை நினைத்துப் பாருங்கள். 2016, 2017 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் இங்கிலாந்தின் சிறந்த இளம் வீரர் விருது வாங்கியவர். ஆட்டம் சரிந்தபோது சோம்பேறி, அக்கறை இல்லாதவர் என்றே பேசினார்கள். 2023 ஜூலையில் அவரே வாய் திறந்தார். ஆறு வயதில் பாலியல் கொடுமை, பின்னாளில் தூக்க மாத்திரைக்கு அடிமை, இருபத்துநான்கு வயதிலேயே ஆட்டத்தை விட்டுவிடலாமா என்ற யோசனை. எத்தனை பெரிய கிளப், எத்தனை கோச், எத்தனை மருத்துவர்கள் சுற்றி இருந்திருப்பார்கள்!

அதற்காக, காரணம் இருந்தால் எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. 1995 ஜனவரியில், இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்புக்கு ஆடிய பிரெஞ்சு வீரர் எரிக் கன்டோனா தன்னைத் திட்டிய ரசிகரைப் பாய்ந்து உதைத்தார். சுமார் எட்டு மாதத் தடை, 120 மணிநேர சமூக சேவை. அந்தச் சேவையைச் சிறுவர்களுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்துக் கழித்தார். ஆட்டத் தடையில் ஒரு நாள்கூடக் குறையவில்லை. அதே நேரத்தில், எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போக நினைத்தவரை மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் பாரிஸுக்கே தேடிப்போய்ப் பேசித் திரும்ப அழைத்து வந்தார். அடுத்த ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் கேப்டனாக இறங்கி, ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தவர் கன்டோனா. தண்டனையும் தேடிப்போன அந்த அக்கறையும் சேர்ந்தே இருந்தன. நான் பார்த்த அணிகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் இருக்கும்: கோல் வரும்வரை கண்டும் காணாமல் இருப்பது, கோல் நின்ற அன்று தூக்கி எறிவது.

பெற்றோரிடமும் கோச்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நன்றாகப் பழகிக்கொண்டிருந்த பையன் திடீரென்று எரிந்து விழுகிறானா? கோல் போட்டும் முகத்தில் சந்தோஷம் இல்லையா? தூக்கம் கெட்டிருக்கிறதா? போட்டி முடிந்த சூட்டில் கேட்காதீர்கள், பதில் வராது. கொஞ்ச நேரம் விட்டு, ஆட்டத்தைப் பற்றி அல்லாமல் அவனைப் பற்றிக் கேளுங்கள்.

அந்தப் பையனை அடுத்த முறை கோச் ஐந்து சுற்று ஓடவிட்டார். முணுமுணுத்துக்கொண்டேதான் ஓடினான். காரில் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்று அப்பா ஒப்புக்கொண்டார். நடுவரிடம் எகிறுவது இன்னும் நிற்கவில்லை, அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். மூன்று வாரம் கழித்து வந்த வீடியோவில் மறுபடியும் எண்ணினேன். இடது பின்கள வீரனிடமிருந்து, முதல் பாதியில் மட்டும், ஆறு பாஸ்.