இரட்டை நிலைப்பாடா, இரட்டை அளவுகோலா?

பாளையங்கோட்டையில் நான் வழக்கமாக டீ குடிக்கிற கடையில் எந்நேரமும் செய்திச் சேனல் ஓடும். அன்றைக்கு அமெரிக்கத் தேர்தலில் ரஷ்யா தலையிட்டது பற்றி விவாதம். அரை மணி நேரத்தில் 'அமெரிக்காவின் இரட்டை நிலைப்பாடு' என்று ஏழெட்டுத் தடவை சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் இருந்த நெல் வியாபாரி அண்ணாச்சி, "ரெண்டு படி வச்சிருக்கான்னு சொன்னா முடிஞ்சுதுல்லா" என்றார். தனக்கு ஒரு நியாயம், அடுத்தவனுக்கு ஒரு நியாயம் என்பதை ஆங்கிலத்தில் டபுள் ஸ்டாண்டர்ட் என்பார்கள், அதைத்தான் சேனலில் இரட்டை நிலைப்பாடு ஆக்கியிருந்தார்கள். சரியான தமிழ் அண்ணாச்சி வாயில்தான் இருந்தது.

ஸ்டாண்டர்ட் என்பது பழைய பிரெஞ்சில் போர்க்கொடி. ஆங்கிலத்துக்கு வந்தபின் அரசன் பேரால் வைத்த மூல அளவுக்கும் அதே பெயர். நம்மிடமும் அது உண்டு, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 'ஆடவல்லான்' என்ற மரக்காலால் நெல் அளந்த கணக்கு வருகிறது. ஆக டபுள் ஸ்டாண்டர்ட் என்றால் இரண்டு மரக்கால், வாங்க ஒன்று, விற்க ஒன்று.

சிலர் 'இரட்டைத் தரம்' என்றும் எழுதுகிறார்கள். அது அரிசிக் கடைச் சமாச்சாரம், விட்டுவிடலாம்.

'இரட்டை நிலைப்பாடு'தான் நிஜமான தொல்லை, ஏனென்றால் கேட்க நன்றாக இருக்கிறது. நிலைப்பாடு என்றால் ஒரு விஷயத்தில் நீ எந்தப் பக்கம் நிற்கிறாய் என்பது. ஒரு கட்சி டெல்லியில் ஆதரித்துவிட்டுச் சென்னையில் எதிர்த்தால் அது இரட்டை நிலைப்பாடு, அதற்கு அந்தச் சொல் பொருத்தம். ஆனால் தேர்தல் தலையீட்டில் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் வாயளவில் இருப்பது ஒரே நிலைப்பாடுதான்: அடுத்த நாட்டுத் தேர்தலில் எவனும் கை வைக்கக் கூடாது. செயலை அளக்கும்போதுதான் படி மாறுகிறது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிறோமே, அதில் குடம் உடைப்பது தப்பு என்பதில் மாமியாருக்கு இரண்டு கருத்தா இருக்கிறது? உடைந்த குடத்துக்கு மதிப்புப் போடும்போதுதானே ஏமாற்று நடக்கிறது.

1948ல் இத்தாலியத் தேர்தலில் கம்யூனிஸ்டுகளைத் தோற்கடிக்க அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கு ரகசியமாகப் பணம் கொடுத்தது. 1996 ரஷ்யத் தேர்தலில் அதிபர் எல்ட்சின் மறுபடி ஜெயிக்க அமெரிக்க ஆலோசகர்கள் மாஸ்கோவிலேயே உட்கார்ந்து வேலை பார்த்ததை அமெரிக்கப் பத்திரிகைகள் பெருமையாக எழுதின. 2016ல் தங்கள் தேர்தலில் ரஷ்யா கை வைத்ததும் அது பெரிய குற்றமாயிற்று (குற்றம்தான், அதை விசாரித்து 2019ல் வந்த முல்லர் அறிக்கை விரிவாகச் சொல்கிறது). 2018ல் சி.ஐ.ஏ.வின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் வுல்சியிடம் அமெரிக்கா இப்போதும் அடுத்த நாட்டுத் தேர்தலில் தலையிடுகிறதா என்று தொலைக்காட்சியில் கேட்டபோது, நல்ல காரியத்துக்காக மட்டும்தான் என்கிற மாதிரி பதில் சொன்னார். அந்த 'நல்ல காரியம்'தான் இரண்டாவது படி. மாஸ்கோவும் சளைத்ததில்லை. வெளிநாட்டுப் பணம் வாங்கி அரசியலில் இறங்கும் அமைப்புகளுக்கு 'வெளிநாட்டு முகவர்' முத்திரை குத்த 2012ல் சட்டம் போட்டது, ஆனால் 2014ல் பிரான்சின் தேசிய முன்னணிக் கட்சிக்கு ஒரு ரஷ்ய வங்கி 90 லட்சம் யூரோவுக்கு மேல் கடன் கொடுத்தது. டோவ் லெவின் என்ற ஆய்வாளர் 1946 முதல் 2000 வரை எண்ணிப் பார்த்ததில் அமெரிக்கா 81 தேர்தல்களிலும், சோவியத் ஒன்றியமும் அதன்பின் ரஷ்யாவும் 36 தேர்தல்களிலும் தலையிட்டிருக்கின்றன.

ஆகவே எழுத்தில் இரட்டை அளவுகோல், பேச்சில் இரண்டு படி. 'ஓரவஞ்சனை' போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். எங்கள் ஆச்சி பணியாரம் பங்கு வைக்கும்போது நாங்கள் கத்துகிற சொல் அது, எனக்குப் பிடித்த சொல். வஞ்சனை வடசொல்தான், ஆனால் ஓரம் அசல் தமிழ். வழக்கில் ஒரு பக்கம் சாய்ந்து தீர்ப்புச் சொன்னவன் வீடு பாழாகும் என்பதை நல்வழி 'மன்றோரம் சொன்னார் மனை' என்கிறது. ஆனால் ஓரவஞ்சனை பங்கு வைப்பவர், தீர்ப்புச் சொல்பவர் செய்கிற தப்பு. தன் தப்பைத் தானே குறைத்து அளப்பவனுக்கு அது ஒட்டாது.

அப்புறம், ஓரவஞ்சனை என்ற சொல் அச்சாகப் பொருந்துகிற இடம் ஒன்று உண்டு, நம் செய்தி மொழிபெயர்ப்பாளர்கள். ரஷ்யா பணம் கொடுத்தால் 'தலையீடு', 'ஊடுருவல்' என்று எழுதுகிற அதே கை, அமெரிக்கா கொடுத்தால் 'ஜனநாயக ஆதரவு', 'நிதியுதவி' என்று எழுதுகிறது. இடதுசாரிப் பத்திரிகை என்றால் அப்படியே தலைகீழ். செய்தி ஏஜென்சிக்காரன் ஆங்கிலத்தில் எந்தச் சொல்லைப் போட்டானோ அதை யோசிக்காமல் தமிழாக்குவதால் அவன் படியும் சேர்ந்தே வந்துவிடுகிறது. 1948 இத்தாலிக்கும் 2016 அமெரிக்காவுக்கும் தலையீடு என்ற ஒரே சொல்லைப் போடுங்கள்.