இன்க்ரெடின்: வார ஊசிக்குள்ள இருக்கற சொல்

எங்க அத்தைக்கு சுகர் வந்து பதினாலு வருஷமாச்சு. போன வருஷம் டாக்டர் வாரத்துக்கு ஒருதடவை போட்டுக்கற ஊசி எழுதிக் குடுத்தாரு, வீட்ல எல்லாரும் ஐயோ இன்சுலின் வரைக்கும் போயிடுச்சான்னு பதறிட்டோம், அத்தை ரெண்டு நாள் யார்கிட்டயும் சரியா பேசல. அடுத்த தடவை போனப்ப "இது இன்சுலின் இல்லம்மா, இன்க்ரெடின் வகை"ன்னு டாக்டர் சொன்னாரு. அப்பதான் இந்த சொல்ல தேட ஆரம்பிச்சேன்.

1932ல பெல்ஜியத்து ஆராய்ச்சியாளர் லா பார் வச்ச பேரு இது. குடலுக்கு இன்டெஸ்டைன், சுரப்புக்கு செக்ரீஷன், கூட இன்சுலின், இந்த மூணும் ஒட்டின சொல்லுன்னு பிரிச்சு சொல்லுவாங்க. அதாவது சாப்பாடு குடலுக்குள்ள வந்ததும் "சர்க்கரை வருது, இன்சுலின விடு"ன்னு கணையத்துக்கு குடல் அனுப்பற தகவல். 1960கள்ல இத நல்லாவே நிரூபிச்சாங்க, குளுக்கோஸ ரத்தக்குழாய்ல நேரா ஏத்தறத விட வாயால குடிச்சா இன்சுலின் அதிகமா சுரக்குது.

இந்த வகைல முக்கியமானது ஜிஎல்பி-1. விரிச்சா 'குளுக்ககான் மாதிரி பெப்டைடு', பெப்டைடுன்னா சின்னப் புரதத் துண்டு. இந்தப் பேருதான் ஆள குழப்புது, ஏன்னா குளுக்ககான் சர்க்கரைய ஏத்தற ஹார்மோன், இது இறக்கறது! ரெண்டும் ஒரே மூலப் புரதத்துலேந்து வெட்டுப்பட்டு வர்றதால அமைப்புல சாயல் இருக்கு, வேலை வேற. உடம்புல சுரக்கறது ரெண்டு மூணு நிமிஷத்துல பாதி அழிஞ்சிடும், அதே மாதிரி வேலை செய்யற மருந்தான செமாகுளுடைடு பாதியாகவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், அதான் வார ஊசி. கடைசில வர்ற 'குளுடைடு' ஜிஎல்பி வகைக்கான பொது விகுதி, லிராகுளுடைடு, டுலாகுளுடைடு எல்லாம் அந்தக் குடும்பந்தான். 2025 மார்ச்ல இந்தியாவுக்கு வந்த டிர்செபடைடுங்கற மருந்து ஜிஎல்பி-1 வேலை கூட ஜிஐபிங்கற இன்னொரு இன்க்ரெடின் வேலையையும் சேத்து செய்யுது.

சரி தமிழ்ல என்ன சொல்றது? ஹார்மோனுக்கு இயக்குநீர்னு நல்ல சொல் இருக்கு, அதனால 'குடல் இயக்குநீர்'னு சொல்லிடலாம்னு தோணும். ஆனா குடல்ல சுரக்கற இயக்குநீர் எல்லாமே இன்க்ரெடின் இல்லையே. இன்சுலின 'கணையநீர்'னு எழுதறதும் எனக்கு ஒப்பல, அது செரிமானத்துக்கு கணையம் விடற நீருக்குத்தான் பொருந்தும். அதனால இன்சுலின அப்படியே வச்சுகிட்டு 'குடல்வழி இன்சுலின்தூண்டி'ங்கறேன், நீளந்தான், ஆனா அர்த்தம் தப்பாது. பேச்சுல 'குடல் ஊசி'ன்னு மட்டும் சுருக்கிடாதீங்க, குடல்லயே குத்துவாங்கன்னு பயந்துடுவாங்க, வயித்துத் தோலுக்கு அடில இருக்கற கொழுப்புலதான் போடறாங்க.

இன்சுலின்தூண்டிங்கறது பாதி வேலைதான். இரைப்பை காலியாகறதையும் மெதுவாக்குது, மூளைக்கு போதும்னும் சொல்லுது, எடை குறையறது இதனாலதான். குமட்டலும் இதோட வர்றதுதான், அதுக்காகத்தான் குறைஞ்ச டோஸ்ல ஆரம்பிச்சு வாரக்கணக்குல மெல்ல ஏத்தறாங்க. அத்தைக்கு மொத மாசம் காலைல காபி வாசனையே ஆகல, அழுதாங்க. முன்னாடி நாலு இட்லி சாப்பிட்டவங்க இப்ப ரெண்டோட தட்ட நகத்திட்டு "வயிறு அப்பவே போதும்னுடுச்சுடா"ங்கறாங்க.